நீலகிரி குளிருக்கு கம்பளி குடுக்கப் போறீங்களா, முதல்ல தரையப் பாருங்க

வருஷா வருஷம் டிசம்பர் பாதி ஆச்சுன்னா யாராவது ஒருத்தர் போன் பண்ணிருவாங்க, "ஏனுங்க, ஆபீஸ்ல எல்லாரும் காசு சேத்துருக்கோம், ஊட்டி பக்கம் கஷ்டப்படுற குடும்பங்களுக்கு கம்பளி குடுக்கலாம்னு இருக்கோம், எங்க போனா நல்லாருக்கும்"னு. நான் மேட்டுப்பாளையத்துக்காரன், மலை ஏறுற ரோடு எங்க ஊர்லதான் ஆரம்பிக்குது, நாங்க ஏழெட்டுப் பேர் கொஞ்ச வருஷமா இந்த வேலைய செஞ்சுட்டு வர்றோம், அதனால நம்மள கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் போன்ல சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே தடவையா எழுதிப் போட்டுர்றேன். இது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, ஏற்கனவே செய்றவங்க தப்பு இருந்தா திருத்துங்க.

முதல்ல நாங்க பண்ணின கூத்த சொல்றேன். முதல் வருஷம் 150 கம்பளி வாங்கி, பொங்கல் லீவுல ஒரு லோடு வண்டியில ஏத்திட்டு, பேனர் எல்லாம் அடிச்சுக்கிட்டு குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுங்க, அதாவது தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த வீடுங்க, இருக்குற எடத்துக்குப் போனோம். மைதானத்துல எல்லாரையும் வரிசையில நிக்க வச்சு, குடுத்து, போட்டோ எடுத்து, அரை நாள்ல வேலை முடிஞ்சுது. நடக்க முடிஞ்சவங்க ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனாங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்க வீட்டுக்கு ஒண்ணு கூட போகல. கிளம்புறப்ப ஒரு பாட்டி டீ குடிச்சுட்டுப் போங்கன்னு வீட்டுக்குள்ள கூப்புட்டாங்க. இலங்கையில இருந்து திரும்பி வந்த குடும்பம், இப்பவும் வீட்ட காம்பரான்னுதான் சொல்வாங்க. உக்காந்ததும் சிமெண்ட் தரையில கை வச்சு காட்டுனாங்க, "தம்பி, கம்பளி நல்லாத்தான் இருக்கு. ஆனா குளிரு மேல இருந்தா வருது, கீழ இருந்துல்ல வருது." நானும் கை வச்சு பாத்தேன். ஐஸ் பெட்டிக்குள்ள கை விட்ட மாதிரி இருந்துச்சு, அதுவும் மதியம் ரெண்டு மணிக்கு.

அந்த வீட்டுல ஏற்கனவே மூணு கம்பளி மடிச்சு வச்சிருந்தாங்க, எல்லாம் எங்கள மாதிரி யாரோ வந்து குடுத்துட்டுப் போனது. பாய் ஒண்ணுதான், அதுவும் ஓரமெல்லாம் பிஞ்சது. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, நாம குடுக்கணும்னு நினைக்கிறது ஒண்ணு, அங்க குளிர் வர்ற வழி வேற ஒண்ணு.

எப்ப போகணும்

டிசம்பர், ஜனவரி இல்ல. அக்டோபர் கடைசி, இல்லன்னா நவம்பர் முதல் ரெண்டு வாரம். ஏன்னா நீலகிரியில குளிர் ரெண்டு விதமா வரும். வடகிழக்குப் பருவமழை சமயத்துல ஈரக்குளிர், துணி காயாது, செவுரு ஊறிப்போய் இருக்கும், போர்வை கூட நமத்துப் போயிருக்கும். மழை விட்டதும் வானம் தெளிஞ்சுரும், அப்ப வர்றது உறைபனி, பகல்ல சுள்ளுனு வெயில் அடிக்கும், ராத்திரி மேகம் இல்லாததால தரையில இருக்குற சூடெல்லாம் அப்படியே மேல போயிரும், விடியக்காலையில புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா நிக்கும். ஜனவரியில ஊட்டியில விடியக்காலை 5 டிகிரி, அதுக்குக் கீழன்னு போறது சாதாரணம், பனி ஜாஸ்தி விழுற எடத்துல பூஜ்யத்தத் தொட்டுரும். மனுசன் உடம்பு கஷ்டப்படுறது ரெண்டுலயும்தான், ஆனா நாம எல்லாரும் டூரிஸ்ட் மாதிரி பனி போட்டோ பேப்பர்ல வந்தப்பறம்தான் கிளம்புறோம். அதுக்குள்ள பிள்ளைங்களுக்கு சளி புடிச்சு ரெண்டு ரவுண்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்திருப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. பனி விழுந்தா தேயிலைச் செடி கருகிரும். கொழுந்து வராது, கொழுந்து இல்லன்னா பறிக்கிற வேலை கொறைஞ்சுரும், தினக்கூலிக்குப் போறவங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில கையில காசு நிக்காது. எந்த மாசம் ஜாஸ்தி குளிருதோ அந்த மாசம்தான் வருமானமும் கம்மி. இத மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரேன்.

எந்த ஊருன்னு எப்படி முடிவு பண்றது

"ஊட்டி"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. ஒரே மலையில அரை கிலோமீட்டர் தள்ளுனா குளிர் மாறும். குளிர்ந்த காத்து கனம், தண்ணி மாதிரி சரிவுல எறங்கி பள்ளத்துல போய் தேங்கிரும். அதனாலதான் தலைகுந்தா, காந்தல் மாதிரி எடங்கள்லயும் ரேஸ்கோர்ஸ் மைதானத்துலயும் பனி வெள்ளையா விழுது, மேட்டுல இருக்குற வீட்டுக்கு அவ்வளவு இல்ல. ஓடை ஓரம், புல்வெளி ஓரம், பள்ளத்துல இருக்குற லைன் வீடுங்க, அங்க முதல்ல போங்க. கூடலூர், பந்தலூர் உயரம் கம்மி, அங்க ஈரம்தான் பிரச்சினை, உறைபனி இல்ல, அங்க கனமான கம்பளிய விட தார்ப்பாய் உபயோகம்.

யாருக்குங்கறது அடுத்தது. தோட்டத் தொழிலாளிங்க, அதுல 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்பறம் இலங்கையில இருந்து வந்தவங்க நிறைய, அவங்களுக்காகவே 1968-ல ஆரம்பிச்ச அரசுத் தேயிலைத் தோட்டம்தான் இப்ப டான்டீ. அப்பறம் ஆதிவாசி கிராமங்க. அப்பறம் யாரும் கணக்குலயே எடுக்காத ஒரு கூட்டம், ஜார்க்கண்ட், அசாம் பக்கம் இருந்து தோட்ட வேலைக்கு குடும்பத்தோட வந்திருக்குறவங்க. இவங்கள்ல நிறைய பேருக்கு இங்க ரேஷன் கார்டு இருக்காது, லிஸ்ட்ல பேரு இருக்காது, வரிசையில நிக்க வெக்கப்படுவாங்க, ஒரு பையில அடங்குற துணியோடதான் வந்திருப்பாங்க. எங்க அனுபவத்துல ரொம்ப தேவை இருக்குறது இங்கதான். ஹிந்தி கொஞ்சம் பேசுற ஒரு ஆளு உங்க டீம்ல இருந்தா கூட்டிட்டுப் போங்க.

லிஸ்ட்ட நீங்களா போடாதீங்க, உள்ளூர் பெரிய மனுசன் ஒருத்தர் குடுக்குற லிஸ்ட்ட மட்டும் நம்பியும் போகாதீங்க, அதுல அவருக்கு வேண்டியவங்கதான் இருப்பாங்க. அங்கன்வாடி டீச்சர் கிட்ட கேளுங்க, எந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு, எந்த வீட்டுல மாசமா இருக்காங்கன்னு அவங்களுக்கு அத்துப்படி. படுத்த படுக்கையா இருக்குறவங்க யாருன்னு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா மாத்திரை குடுக்கப் போறவங்களுக்குத் தெரியும். இந்த ரெண்டு பேர் கிட்ட பேசினா பாதி வேலை முடிஞ்சுது. எஸ்டேட்டுக்குள்ள போகணும்னா மேனேஜர் அனுமதி வேணும், புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்குற கிராமம்னா வனத்துறை அனுமதி வேணும், ரெண்டையும் முன்னாடியே வாங்கிருங்க, கேட்டுக்கிட்ட வந்து நின்னுட்டு சண்டை போட்டா அந்த ஜனங்களுக்குத்தான் சங்கடம். எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளிங்களுக்கு என்ன குடுத்துருக்காங்கன்னும் விசாரிங்க. குடை, கம்பளி, மழைக்கோட்டு மாதிரி சாமான் குடுக்க முதலாளிக்கு விதி போடலாம்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. அவங்க குடுக்க வேண்டியத நாம குடுத்து அவங்க செலவக் கொறைச்சு விடுற மாதிரி ஆயிரக் கூடாது பாருங்க.

முதல் தடவை வெறுங்கையோட போங்க

இது முக்கியமான ஸ்டெப், எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப்பும் இதுதான். ஒரு அஞ்சாறு வீட்டுக்கு ரெண்டு பேர் மட்டும் போய் உக்காந்து பேசுங்க. பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம். "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா "எதுனாலும் சரிங்க சார்"னுதான் சொல்வாங்க, அதனால அப்படிக் கேக்காதீங்க. "ராத்திரி யாரு யாரு எங்க படுப்பீங்க"ன்னு கேளுங்க. எத்தன பேர் ஒரே பாயில, கட்டில் இருக்கா, பாட்டி எங்க படுக்குறாங்க, கதவுக்குக் கீழ எவ்வளவு சந்து, மேல தகரமா ஆஸ்பெட்டாஸ் ஷீட்டா ஓடா, காலையில எந்திரிச்சா போர்வை மேல ஈரம் இருக்கா, துணி எங்க காயப் போடுறாங்க, அடுப்பு விறகா கேஸா. ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. நூறு ரூபாய்க்கு விக்கிற ஒரு தெர்மாமீட்டர் கொண்டு போய் உள்ள மாட்டி வச்சுட்டு அவங்களையே விடியக்காலை பாக்கச் சொல்லலாம். வீட்டுக்குள்ள 18 டிகிரியாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நீங்க பாக்கப் போற நம்பர் அதுக்கு எங்கயோ கீழ இருக்கும்.

தரை

காசு கம்மியா இருந்தா முழுசையும் தரைக்கே போடுங்கன்னுதான் நான் சொல்வேன். ஒடம்பு வெயிட்டுல கீழ இருக்குற போர்வை அமுங்கிரும், அதுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா அது சூட்டப் புடிச்சு வைக்காது. எவ்வளவு நல்ல கம்பளியா இருந்தாலும் கீழ விரிச்சா பாதி வேலைதான் செய்யும். அதனால அமுங்காத, ஈரம் குடிக்காத ஏதாவது ஒண்ணு கீழ வேணும்.

நாங்க கண்டுபுடிச்சதுல பெஸ்ட், ஃப்ரிட்ஜ் வாஷிங்மெஷின் பெட்டிக்குள்ள சுத்தி வருமே அந்த வெள்ளை ஃபோம், ஈபிஈ ஃபோம்னு பேக்கிங் கடையில கேட்டா ரோலா குடுப்பாங்க, 10 எம்எம் தடிமன் வாங்குங்க. கோயம்புத்தூர்ல பேக்கிங் சாமான் விக்கிற கடைங்கள்ல கெடைக்கும். ஆள் நீளத்துக்கு வெட்டி கீழ போட்டு, மேல கோரைப்பாய், அதுக்கு மேல ஒரு ஜமக்காளம். இந்த மூணு அடுக்குதான். காலையில சுருட்டி செவுத்துல நிக்க வச்சா காஞ்சுரும். பழைய யோகா மேட் கெடைச்சாலும் சூப்பர், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுப் பாருங்க, ரெண்டு நாள் யோகா பண்ணிட்டு மூலையில போட்டது வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். எதுவும் இல்லன்னா அட்டைப்பெட்டிய பிரிச்சு ரெண்டு மூணு அடுக்கா போட்டு மேல சாக்கு, இது ஒரு மாசம் தாங்கும், ஈரமாச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற போடணும்.

ஃபோம் தீப்புடிச்சா சட்டுனு எரியும், அடுப்பு இருக்குற ரூம்ல படுக்குறவங்களுக்கு குடுக்குறப்ப இத வாயால சொல்லுங்க, ரெண்டு தடவை சொல்லுங்க. அந்த மாதிரி வீட்டுக்கு நாங்க பலகைக் கட்டில் மாதிரி நாலு செங்கல் மேல பழைய பலகை வச்சு குடுத்துருக்கோம், தரையில இருந்து கொஞ்சம் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், வயசானவங்களுக்கு எந்திரிக்கவும் ஈஸி.

ஈரமும் சந்தும்

அடுத்து கூரை. தகர ஷீட்டுக்குக் கீழ படுத்தா மழை இல்லாத நாள்லயும் ராத்திரி சொட்டும், அது ஒழுகுறது இல்ல, நாம மூச்சு விடுற ஆவி குளிர்ந்த தகரத்துல பட்டு தண்ணியாகிறது. இதுக்கு தார்ப்பாய மேல போட்டு பிரயோஜனம் இல்ல. கோத்தகிரி பக்கம் ஒரு அம்மா செஞ்சத பாத்து நாங்க எல்லா எடத்துலயும் சொல்றோம், பழைய காட்டன் சேலை ரெண்டு மூணு எடுத்து ஷீட்டுக்கு ஒரு சாண் கீழ மேற்கட்டி மாதிரி கட்டிட்டாங்க. சொட்டுறத சேலை குடிச்சுக்கும், நடுவுல காத்து நிக்கிறதால கொஞ்சம் கதகதப்பும் இருக்கும், பகல்ல கதவத் தொறந்து விட்டா காஞ்சுரும். செலவே இல்ல. அடுப்புக்கு மேல மட்டும் கட்டக் கூடாது.

நிஜமாவே ஒழுகுற கூரைக்கு தார்ப்பாய், ஆணி அடிச்ச ஓட்டைக்கு தார் ஷீட் ஒட்டுறது. அங்கயே ஒரு ஆசாரியோ மேஸ்திரியோ இருப்பார், அவருக்கு ஒரு நாள் கூலி குடுத்து பத்து வீட்டுக்கு ஒட்டச் சொன்னீங்கன்னா நீங்க கொண்டு போற இருபது கம்பளிய விட அது பெருசு. கதவுக்குக் கீழ இருக்குற சந்துக்கு பழைய துணிய நீளமா உருட்டி உறை தச்சு வைக்கலாம், ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்ச எடத்துல அட்டையும் டேப்பும். ஆனா எல்லா சந்தையும் அடைக்காதீங்க, கூரையும் செவுரும் சேர்ற எடத்துல இருக்குற காத்து வழிய கண்டிப்பா விட்டுருங்க. ஏன்னு நெருப்பு பத்தி சொல்றப்ப சொல்றேன்.

கம்பளி வாங்குறது

இப்பத்தான் கம்பளிக்கு வர்றோம். சைஸ் பாருங்க முதல்ல. சிங்கிள்னு விக்கிறது 60க்கு 90 இஞ்ச், ஒரு ஆளுக்குத்தான். அஞ்சு பேர் சேந்து படுக்குற வீட்டுக்கு ஒரு சிங்கிள் குடுத்தா ராத்திரி பூரா இழுபறிதான். 90க்கு 100 டபுள் ரெண்டு குடுத்தா குழந்தைங்களும் அம்மாவும் ஒண்ணா, பெரியவங்க ஒண்ணா படுத்துக்குவாங்க, ஒடம்பு சூடும் சேரும்.

வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் புடிங்க, அந்தப் பக்கம் ஆளு தெரிஞ்சா வேண்டாம். கையால நல்லா தேய்ச்சுப் பாருங்க, பஞ்சு பஞ்சா உதிர்ந்தா வேண்டாம், இளைப்பு இருக்குறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் அது எமன். பானிபட்ல பழைய துணிய அரைச்சு நூலாக்கி செய்யுற கம்பளிதான் மார்க்கெட்ல மலிவா கெடைக்கிறது, எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுல தரம் ஏகத்துக்கு மாறும். எங்களுக்கு ஒரு கடைக்காரர் சாம்பிள் கனமா காட்டிட்டு லோடு எறக்குறப்ப பாதி வெயிட்டுல அனுப்பிட்டாரு, அதுல இருந்து நாங்க நேர்ல போய் கட்டப் பிரிச்சு நாலஞ்ச எடை போட்டுப் பாத்துட்டுத்தான் காசு குடுக்குறது. ஈரோடு ஜவுளிச் சந்தையில போர்வை, ஜமக்காளம் மொத்தமா எடுக்கலாம், ஒரு டீமா போய் பேரம் பேசுங்க, எதுக்குன்னு சொன்னா கொறைச்சுக் குடுக்குறவங்களும் இருக்காங்க.

ஈர ஏரியாவுக்கு பாலியஸ்டர் ஃப்ளீஸ் போர்வை நல்லது, தொவைச்சா சீக்கிரம் காயும். கனமான ரஜாய், பஞ்சு வச்சு தச்ச போர்வை, பாக்க அழகா இருக்கும், நனைஞ்சுதுன்னா நவம்பர்ல காயவே காயாது, நாத்தம் புடிச்சு மூலையில கிடக்கும். ரெண்டு மெல்லிசு போர்வை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ஒரு தடிமனான போர்வைய விட நல்லா சூடு நிக்கும், தனித்தனியா தொவைக்கவும் முடியும்.

போட்டுக்குற துணி

மலைப்பகுதி அரசுப் பள்ளியில எட்டாவது வரைக்கும் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே ஸ்வெட்டர் குடுக்குது. அதனால எல்லாரும் ஸ்கூலுக்குப் போய் ஸ்வெட்டர் குடுக்குறத கொஞ்சம் நிறுத்துங்க. விட்டுப் போறது அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குறதுங்களும், பெரிய வகுப்புப் பிள்ளைங்களும், வயசானவங்களும்தான். பாட்டிங்களுக்கு சேலைக்கு மேல போடுற மாதிரி முன்னாடி பட்டன் வச்ச ஸ்வெட்டர் வேணும், தலைவழியா மாட்டுறது போட மாட்டாங்க. தாத்தாவுக்கு மங்கி குல்லா, மஃப்ளர். எல்லாருக்கும் சாக்ஸ், ஆளுக்கு ரெண்டு ஜோடி, ஒண்ணு காயுறப்ப இன்னொண்ணு. சாக்ஸ் மட்டும் கொண்டு போங்கன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க, காலு ஜில்லுனு இருந்தா தூக்கம் வராதுங்கறது குளிர்ல படுத்தவனுக்குத்தான் தெரியும்.

திருப்பூர் காதர்பேட்டை போங்க. வெளிநாட்டுக்கு தச்சதுல ஆர்டர் கேன்சல் ஆனது, சின்ன டேமேஜ் ஆனது எல்லாம் அங்க வரும், ஃப்ளீஸ் ஜாக்கெட், உள்ள போடுற தெர்மல், சின்னப் பசங்க டிராக் பேண்ட் எல்லாம் கெடைக்கும். வெயில் காலத்துல போனா இன்னும் மலிவு, கோடையில ஸ்வெட்டர் கேக்குற ஆள பாத்து கடைக்காரரே ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல.

பழைய துணி சேக்குறதுன்னா ஒரு எச்சரிக்கை. "பழைய துணி குடுங்க"ன்னு போட்டா கல்யாண சேலை, ஜரிகை பாவாடை, கிழிஞ்ச பனியன் வரைக்கும் வரும், அத பிரிக்கவே ரெண்டு ஞாயித்துக்கிழமை போயிரும். "ஸ்வெட்டர், சால்வை, போர்வை, சாக்ஸ், தொவைச்சு மட்டும்"னு எழுதுங்க. வந்தத ஆம்பள, பொம்பள, குழந்தைன்னு வயசு வாரியா பிரிச்சு மூட்டை மேல எழுதி வைங்க. நாம போட மாட்டோம்னு நினைக்கிறத அங்கயும் குடுக்காதீங்க.

நெருப்பு, இத மட்டும் தாண்டிப் போகாதீங்க

குளிர் தாங்காம நெருப்புச் சட்டியில கரி போட்டு ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திட்டு படுத்துருவாங்க. கரி கனல்ல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், வாசம் கெடையாது, கலர் கெடையாது, கண்ணு எரியாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், அப்படியே எந்திரிக்க மாட்டாங்க. புகை இல்லாத கரி ஆபத்து இல்லன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. 2024-ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டுத் தூங்கின டூரிஸ்ட் பசங்க செத்துப் போனது பேப்பர்ல வந்துச்சு, அவங்களுக்கே தெரியல.

அதனால நீங்க சந்த அடைக்கிற வேலை செஞ்சீங்கன்னா கூடவே இந்தப் பேச்சையும் பேசணும், இல்லன்னா நீங்களே ஆள கொல்ற மாதிரி ஆயிரும். நெருப்பு காயணுமா, வெளிய, இல்ல கதவு ஜன்னல் தொறந்து வச்சு, படுக்கப் போறதுக்கு முன்னாடி சட்டிய வெளிய கொண்டு போய் வச்சுரணும். தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா, வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல அப்படி இருந்தா, ஒடனே எல்லாரும் வெளிய வந்துட்டு 108. இத கைப்புள்ள வச்சிருக்குற அம்மாங்க கிட்ட தனியா உக்காந்து சொல்லுங்க, மைக்ல சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

நெருப்புச் சட்டிக்கு பதிலா சுடுதண்ணி. ரப்பர் பை குடுக்கலாம், இல்லன்னா மூடி டைட்டான ஸ்டீல் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி பழைய சாக்ஸுக்குள்ள போட்டு காலுகிட்ட வச்சுக்கிட்டா நடு ராத்திரி வரைக்கும் சூடு நிக்கும். துணி சுத்தாம ஒடம்புல படக் கூடாது, சக்கரை வியாதிக்காரங்களுக்கு காலு மரத்துப் போயிருக்கும், சுட்டது கூட தெரியாது, அவங்களுக்கு ஒடம்ப விட்டு ஒரு சாண் தள்ளி வைங்க.

கரண்ட் ஹீட்டர் குடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்க, தமிழ்நாட்டுல வீட்டுக்கு ஃப்ரீயா கெடைக்கிற யூனிட்டு கொஞ்சம்தான். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட் போச்சு, ராத்திரி பூரா போட்டா பில்லு யாரு கட்டுறது. அதுவும் பழைய வயரிங் இருக்குற லைன் வீட்டுல ராத்திரி பூரா லோடு தாங்காது. 1500 வாட் கெட்டில்ல பத்து நிமிஷம் தண்ணி காய வச்சா கால் யூனிட், அது போதும்.

கைக்குழந்தையும் பெரியவங்களும்

பொறந்த குழந்தைக்கு, அதுவும் எடை கம்மியா பொறந்ததுக்கு, அம்மா நெஞ்சோட தோலோட தோல் படுற மாதிரி அணைச்சு மேல போர்வை போத்துறதுதான் ஒசத்தி, ஆஸ்பத்திரியிலயே கங்காரு முறைன்னு சொல்லித் தருவாங்க, பாட்டி சொன்னா கேக்காதவங்க கூட நர்ஸ் சொன்னா கேப்பாங்க, அங்க இருக்குற கிராம செவிலியர வச்சே சொல்லச் சொல்லுங்க. குழந்தைக்கு குல்லாவும் காலுறையும் போதும், கனமான கம்பளிய மூஞ்சிக்கு மேல வர்ற மாதிரி போத்தக் கூடாது.

வயசானவங்க நடுங்கிட்டு இருக்காங்கன்னா ஒடம்பு இன்னும் போராடுதுன்னு அர்த்தம். நடுக்கம் நின்னு, பேச்சு குழறி, தூங்கித் தூங்கி வழிஞ்சாத்தான் பயப்படணும், ஒடம்பு சூடு 35 டிகிரிக்குக் கீழ எறங்கிருச்சுன்னா அது உயிருக்கே ஆபத்து. ஈரத்துணிய மாத்தி, போத்தி, முழிச்சு இருந்தா சூடா இனிப்பா ஏதாவது குடிக்கக் குடுத்துட்டு 108 கூப்புடுங்க. சாராயம் குடுத்தா சூடாகும்ங்கறது பொய், தோலுதான் சூடா தெரியும், உள்ள இருக்குற சூடு வெளிய போயிட்டு இருக்கும்.

மலை ஏறுற அன்னைக்கு

இ-பாஸ் எடுங்க, 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வெளி வண்டிங்களுக்கு அது வேணும், ஆன்லைன்ல ஃப்ரீ. டிஎன் 43, அதாவது நீலகிரியிலயே பதிவு பண்ணின வண்டிக்கு வேண்டாம், உள்ளூர் ஆள் யாராவது இருந்தா அவங்க வண்டியில மேல வச்சு மாத்திக்கலாம். கம்பளி ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் கவர்ல வரும், அத கீழயே கழட்டிட்டு துணி மூட்டையா கட்டிக்கோங்க, நீலகிரியில பிளாஸ்டிக் தடை, செக்போஸ்ட்ல நிறுத்துவாங்க, தண்ணி பாட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்குள்ள எறங்க ஆரம்பிச்சுருங்க, மேகம் மூடிட்டா கொண்டை ஊசி வளைவுல முன்னாடி போற வண்டி லைட்டு கூட தெரியாது.

குடுக்குறது வீடு வீடா. நோட்டுல எழுதினபடி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மூட்டை, மேல வீட்டு நம்பர். ஞாயித்துக்கிழமை போங்க, மத்த நாள்ல காலையில பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்க, போயிருவாங்க, வீட்டுல ஆள் இருக்காது. போட்டோ வேணும்னு காசு குடுத்தவங்க கேப்பாங்க, மூட்டைய எடுத்துக் குடுங்க, கை நீட்டி வாங்குற மூஞ்சிய எடுக்காதீங்க. ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு, போட்டோன்னதும் கம்பளிய அம்மா கையில குடுத்துட்டு உள்ள போயிருச்சு, அதுக்கப்பறம் நாங்க கேமராவே எடுக்கிறது இல்ல.

ஜனவரியில இன்னொரு தடவை

பட்ஜெட்டுல கால்வாசிய எடுத்து வச்சுருங்க. பனியில செடி கருகி வேலை கொறைஞ்ச சமயத்துல மளிகை கொண்டு போங்க, ராகி மாவு, நல்லெண்ணெய், கொள்ளு, நிலக்கடலை, வெல்லம். ராத்திரி வயிறு காலியா படுத்தா எத்தன போர்வை போத்துனாலும் நடுங்கும், ஒடம்புல எரிக்க ஏதாவது இருந்தாத்தான் சூடு வரும். காஞ்ச விறகு ஒரு லோடு பல ஊர்ல அரிசிய விட பெரிய உதவி, ஈர விறகு புகை மட்டும்தான் குடுக்கும். தோட்டத்துல பிடுங்கிப் போட்ட தேயிலை விறகு நல்லா நின்னு எரியும், அங்கயே விலைக்குக் கெடைக்கும், கீழ இருந்து ஏத்திட்டுப் போகாதீங்க.

அப்பறம் மார்ச்ல ஒரு தடவை சும்மா போய்ட்டு வாங்க. எந்தக் கம்பளி நூல் நூலா போச்சு, ஃபோம எலி கடிச்சுதா, யாரு வீட்டுக்கு விட்டுப் போச்சுன்னு கேட்டு அதே நோட்டுல எழுதுங்க. எங்களுக்குப் போன மார்ச்ல வந்த கம்ப்ளைண்ட், ஃபோம் அகலம் பத்தல, புரண்டு படுத்தா தோள் தரையில படுதுன்னு. இந்த வருஷம் அரை அடி சேத்து வெட்டச் சொல்லியிருக்கோம்.